சூசை சித்தப்பாவுக்கு ஒரு பிரயாணத் திட்டம்

1

இந்த ஜெர்மனி தேசத்துக்கு வந்த நாளிலிருந்து, ஊரிலிருந்து யாராவது ஒருவர் என்னைப் பார்க்க வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அம்மா வர மாட்டாள். அவளுக்கு ராயக்கோட்டை தாண்டினாலே பரதேசம். அப்பாவை எத்தனையோ முறை கூப்பிட்டாகிவிட்டது. லாரி ஆபீஸில் லீவு கிடைக்காது என்று ஒரே பதில். கடைசியில் வருகிறேன் என்று எழுதியவர் சூசை சித்தப்பா. இந்தப் பூமியில் நான் முகம் பார்க்க விரும்பாத ஒரே மனிதர் அவர்தான்.

எங்கள் ஊர் உத்தனப்பள்ளி. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகிற சாலையில் இருக்கிறது. நான் அங்கிருந்து கன்னியாஸ்திரிகள் உதவியோடு நர்ஸ் படிக்க வந்து, இந்தக் கோப்ளென்ஸ் நகரத்து ஆஸ்பத்திரியிலேயே வேலைக்குத் தங்கிவிட்டேன். என் கணவர் பிரகாசம் சாமல்பட்டி ரயில்வே குடும்பத்துப் பிள்ளை, இங்கே இரும்புத் தொழிற்சாலையில் வேலை. மகள் லில்லி இரண்டாம் வகுப்பு. வாசலில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் ரைன் ஆறு, மறு பக்கம் மலைச் சரிவெல்லாம் திராட்சைக் கொடி. அந்தக் கொடிகளைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு ஒரு நெஞ்செரிச்சல் வரும். அதற்குக் காரணமும் சூசை சித்தப்பாதான்.

அவர் என் அம்மாவின் தங்கை புருஷன், ரிட்டயரான ஹெட்மாஸ்டர். ரோமாபுரிக்குத் திருயாத்திரை போகிற கூட்டத்தோடு வருகிறாராம். கூட்டம் ரோமில் தங்குகிற வாரத்தில் அவர் மட்டும் ரயிலேறி என்னிடம் வந்துவிட்டு, திரும்பப் போய்ச் சேர்ந்துகொள்வாராம். "பாரிஸ் பட்டணத்தையும் புகழ்பெற்ற கோயில்களையும் சுற்றியுள்ள நல்ல இடங்களையும் நீ காட்டுவாய் என்று நம்புகிறேன்" என்று எழுதியிருந்தார். நம் ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கப் போகிறார்கள் என்ற செய்தியும் இருந்தது. கடைசியில், வட்டார மதுவிலக்குச் சங்கத்துக்குத் தம்மையே தலைவராக்கிவிட்டார்கள் என்று பணிவோடு ஒரு வரி.

அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பிரகாசம் குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்தார். வரச் சொல்லப் போகிறேன் என்றேன். உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டார்.

2

அவரை வரவழைக்க, நான் வெளிநாட்டார் அலுவலகத்துக்குப் போய் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. நம் தாலுக்கா ஆபீஸாவது பரவாயில்லை, எரிந்து விழுந்தாலும் மனிதர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். இங்கே எல்லாரும் மரியாதையாகப் பேசிக்கொண்டே நம்மைத் திருப்பி அனுப்புவார்கள். மூன்றாம் முறை போனபோதுதான் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள் பேனாவை எடுத்தாள். வருகிறவர் உங்களுக்கு என்ன உறவு என்றாள்.

அம்மாவின் தங்கை கணவர் என்றேன். "ஓங்கெல்" என்று எழுதிக்கொண்டாள். இந்த ஊரில் பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாருக்கும் அந்த ஒரே சொல்தான். ஒரு கோணி மூட்டைக்குள் எல்லாரையும் போட்டுக் கட்டிவிடுவார்கள். அவர் நல்ல நடத்தைக்கு நீங்கள் பொறுப்பேற்கிறீர்களா என்று அடுத்த கேள்வி. பேனா என் கையில் ஒரு நிமிஷம் நின்றது. ஏற்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த மனிதரின் நடத்தைக்கு என்னைப்போல் காத்திருந்தவள் யாரும் கிடையாது.

3

எங்கள் வீட்டுக் கிணற்றடியில் அப்பா ஒரு திராட்சைப் பந்தல் போட்டிருந்தார். பெங்களூர்ப் பக்கம் விளைகிற கறுப்புத் திராட்சை. தோல் தடிப்பு, ஒரு மாதிரி வாசனை. அப்பா சவரிமுத்து அப்போது கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வருஷா வருஷம் அந்தப் பழத்தைப் பிழிந்து, ஊறுகாய் ஜாடியில் ஊற்றி, துணி கட்டி, கிறிஸ்துமஸுக்கு எடுப்பார். பூசை முடிந்து வந்ததும் ஆளுக்கு ஒரு சின்ன டம்ளர். அது புளித்திருக்கும், நாக்கில் கொஞ்சம் குத்தும், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதைக் குடித்து யாரும் எங்கள் ஊரில் தள்ளாடியதில்லை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சாறு.

சூசை சித்தப்பாவும் அதே பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வருஷம் தவறாமல் வருவார். மற்றவர்களுக்கு ஒரு டம்ளர் என்றால் அவருக்கு மூன்று.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மதுவிலக்குப் போலீஸ் வந்தது. யார் சொல்லி வந்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. ஏட்டு தெலுங்குக்காரர். ஜாடியைத் திறந்து மூக்கை வைத்துவிட்டு, என்ன இது என்றார். அப்பா, "திராட்சை சாறுங்க" என்றார். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பழரசம் என்றோ பழத் தண்ணி என்றோ வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். எல்லையோரத்தில் இருக்கிற எங்களுக்கு இது தெரிய வேண்டாமா? தெலுங்கில் சாரு என்றால் சோற்றுக்கு ஊற்றுகிற ரசம். கன்னடத்திலும் அதேதான்.

"சாரா? அன்னம்லோகா?" என்று ஏட்டு கேட்டார். சோற்றுக்கா என்று அர்த்தம். கூடியிருந்த ஜனம் சிரித்தது. அப்பாவும் பாவம், சேர்ந்து சிரித்தார். அதற்குள் பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் சாறு என்பதைச் சாராயம் என்று எழுதிவிட்டார். அப்பா அதைப் பார்த்துப் பதறி, ஐயா அது வேற இது வேற என்றார். ஏட்டு கெட்டவர் இல்லை. சுற்றிப் பார்த்து, வெள்ளை ஜிப்பாவோடு நின்ற சித்தப்பாவைக் கூப்பிட்டார்.

"நீங்களும் வாத்தியாருதானே. நீங்க சொல்லுங்க, நான் ஒத்துக்கறேன். சாறா, சாராயமா?"

சித்தப்பா ஜிப்பாவில் முந்தின நாள் சிந்திய கருஞ்சிவப்புக் கறை அப்படியே இருந்தது. அதன்மேல் கையை வைத்து மூடிக்கொண்டார். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, நான் அவருக்கு எதிரில்தான் நின்றேன்.

"எனக்குத் தெரியாதுங்க. நான் ருசி பாத்ததில்ல."

அவ்வளவுதான். அன்று சந்தை நாள். அப்பாவைச் சந்தை வழியாகவே ஜீப்பில் கொண்டுபோனார்கள். அபராதம் கட்டி வெளியே வந்தாலும் பள்ளிக்கூடம் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. குதிரை கீழே தள்ளினதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அப்பாவுக்கு வர வேண்டிய ஹெட்மாஸ்டர் நாற்காலியில் சித்தப்பா உட்கார்ந்தார். அப்பா கொடியை வேரோடு பிடுங்கிவிட்டு, ஓசூருக்குக் குடிபெயர்ந்து, எல்லைச் செக்போஸ்ட் பக்கத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதப் போனார். என்னைப் பள்ளிக்கூடத்தில் சாராய வாத்தியார் மகள் என்றார்கள்.

அப்பா அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்குப் போனார், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார், "வாப்பா சூசை" என்று முன்போலவே கூப்பிட்டார். அவர் மன்னித்துவிட்டார் என்று அம்மா சொல்வாள். எனக்கு அப்பாமேல்கூடக் கோபம் வந்தது. அவருக்கு உப்பு உறைப்பே இல்லையா என்று நினைத்தேன்.

4

சித்தப்பாவுக்கு விசா கிடைத்ததும் நான் சாப்பாட்டு மேசையில் ஐரோப்பா படத்தை விரித்தேன். பட்டணத்துக்குத் துவரம்பருப்பு, திராட்சை விளைகிற ஊருக்கு மிளகு என்று வைத்துக்கொண்டு பாதை போட ஆரம்பித்தேன். கிளம்பும்போது கொலோன் பட்டணத்துப் பெரிய கோயில், ஒரு பருப்பு. அங்கிருந்து கோப்ளென்ஸுக்கே திரும்பி மோசெல் ஆற்றோரமாகவே டிரியர் வரை, வழியெல்லாம் மிளகு. பிறகு பிரான்ஸ். ரேன்ஸில் ராஜாக்களுக்கு முடி சூட்டிய கோயில், பக்கத்திலேயே பாதாள அறைகளில் நுரைக்கிற திராட்சை மது. அடுத்தது பாரிஸ். திரும்பி வரும்போது தெற்கே இறங்கி பர்கண்டி. அங்கே ஏழை நோயாளிகளுக்காகக் கட்டிய பழைய தர்ம ஆஸ்பத்திரி ஒன்று உண்டு, அதற்குத் திராட்சைத் தோட்டமே சொத்து. நர்ஸ் என்ற முறையில் அதைப் பார்க்க எனக்கும் ஆசை.

பிரகாசம் வந்து மேசையைப் பார்த்தார். பருப்பு நாலு, மிளகு ஒரு கைப்பிடி. இது என்ன, யாத்திரையா, சாராயக்கடைச் சுற்றுலாவா என்றார். ஒரு கோயிலுக்கு ஒரு நிலவறை, கணக்கு சரியாகத்தான் இருக்கிறது என்றேன். மதுவிலக்குச் சங்கத் தலைவரை இப்படிக் கொண்டுபோகலாமா என்றார். அந்தத் தலைவர் ருசி பார்க்க வேண்டும், அதை நான் கண்ணால் பார்க்க வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம் என்றேன். பெருமூச்சு விட்டுவிட்டு அவர் காருக்குச் சக்கரம் மாற்றப் போனார். எங்களிடம் இருந்தது பழைய வோக்ஸ்வாகன்; அதுவும் அவரைப்போலவே எதிர்த்துப் பேசாது.

லில்லிக்கு இந்தக் கதை புரியவே இல்லை. தாத்தாவை எதற்கு ஜீப்பில் கொண்டுபோனார்கள் என்று கேட்டாள். திராட்சைச் சாறு வைத்திருந்ததற்கு என்றேன். அவள் சிநேகிதியின் தாத்தாவிடம் மலைச்சரிவு முழுக்கத் திராட்சை இருக்கிறது. அறுவடைக்குப் பாதிரியாரே வந்து மந்திரித்துவிட்டுப் போகிறார். அம்மா பொய் சொல்கிறாள் என்று அவள் ஜெர்மனில் முணுமுணுத்துக்கொண்டே போனாள். என் பெண்ணுக்கு என் அப்பாவின் அவமானத்தைத் தமிழில் சொன்னால் விளங்கவில்லை, ஜெர்மனில் சொன்னால் நம்பும்படியாக இல்லை. அதற்கும் சேர்த்து மேசையில் இரண்டு மிளகு வைத்தேன்.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? வந்த புதிதில் ஒரு நோயாளிக்கு இங்கே கிடைக்கிற திராட்சைச் சாற்றைக் கேட்கப் போய், சமையலறையில் "திராட்சை சூப்" என்று கேட்டுவிட்டேன். சாறு என்று மனசில் நினைத்தது, ஊர்ப் பழக்கத்தில் சாரு என்று ஆகி, அது சூப்பாக வாயில் வந்துவிட்டது. சமையல்காரிகள் சிரித்தார்கள். அப்பாவைப் பார்த்துச் சிரித்த கூட்டம் கண்முன் வந்து நின்றது, நான் கழிவறைக்குப் போய் அழுதேன். பிறகு கற்றுக்கொண்டேன். இவர்கள் பிழிந்த சாற்றுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், புளித்துப் பொங்கிக்கொண்டிருக்கிற சாற்றுக்குத் தனிப் பெயர், தெளிந்து முதிர்ந்ததற்கு வேறு பெயர். பொங்குகிற சாறு அறுவடைக் காலத்தில் மட்டும்தான் கிடைக்கும். சித்தப்பா வருவது சரியாக அறுவடைக் காலத்தில்.

5

சித்தப்பா ரயிலிலிருந்து இறங்கினார். கம்பளிக் கோட்டு, கழுத்துச் சங்கிலியில் பெரிய மாதா சுரூபம், கையில் தகரப் பெட்டி. பொல்லாத ஆளை ஐரோப்பாக் குளிர் சுருக்கி வைத்திருந்தது. "நல்லா இருக்கியா கண்ணு" என்று என் தலையில் கை வைத்தார். நான் ஸ்தோத்திரம் சொன்னேன். ஆடு பகை, குட்டி உறவா என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது.

கொலோன் கோயிலில் அவர் முழங்காலில் நின்று வெகுநேரம் செபித்தார். அவர் எதற்காகச் செபித்தார் என்று எனக்குத் தெரியாது. நான் பொங்குகிற சாறு நன்றாகப் பொங்கியிருக்க வேண்டும் என்று செபித்தேன்.

மோசெல் ஆற்றோரம் ஒரு கிராமத்தில் வெளியே பெஞ்சு போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். கலங்கலாக, வெளிர் மஞ்சளாக, குமிழி விட்டுக்கொண்டு. நான் அவருக்கு முன்னால் ஒரு கண்ணாடி டம்ளரை வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன கண்ணு இது?"

"சாறு, சித்தப்பா."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் முகத்தில் ஏதாவது அசையும் என்று எதிர்பார்த்திருந்தேன். ஒன்றும் அசையவில்லை. "சாறுன்னா சரி" என்று எடுத்துக் குடித்தார். நாக்கைச் சப்புக் கொட்டினார். அவருக்கு ஞாபகமே இல்லை. நான் இத்தனை வருஷம் சுமந்துகொண்டு திரிந்ததை அவர் அன்றைக்கே சந்தையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

லில்லி அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஜெர்மனில், தாத்தாவைப் பற்றிப் பொய் சொன்ன ஓங்கெல் இவர்தானா என்று என்னிடம் உரக்கக் கேட்டாள். குழந்தை என்ன கேக்குது என்றார் சித்தப்பா. சாறு நல்லா இருக்கா என்று கேட்கிறாள் என்றேன். அவர் அவள் கன்னத்தைத் தட்டி, "ரொம்ப நல்லாருக்குது பாப்பா" என்றார். இன்னொரு டம்ளர் வந்தது.

அதற்குப் பிறகு நான் எதையும் அவர் கையில் திணிக்க வேண்டியிருக்கவில்லை. ரேன்ஸில் கோயிலைக் கால் மணியில் பார்த்து முடித்துவிட்டு, பக்கத்தில் நிலவறை ஏதோ இருக்கிறதாமே என்று அவரே கேட்டார். அங்கே நுரைத்ததும் சாறுதான். பாரிஸில் இரும்புக் கோபுரத்தின் உச்சியில் நின்றுகொண்டு, கீழே சாறு கிடைக்குமா என்றார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பது அவர் மதுவிலக்கு. எப்போதும் மதுவைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், சாறு என்றுதான் சொல்வார். அப்பா வீட்டில் வைத்த பெயரை இவர் நாடு நாடாக ஒட்டிக் குடித்துக்கொண்டு வந்தார்.

6

பர்கண்டியில் அந்தத் தர்ம ஆஸ்பத்திரியைப் பார்த்தோம். பழைய காலத்து நோயாளிக் கட்டில்கள் வரிசையாகக் கிடந்தன. கொடியில் வந்த காசில் எத்தனையோ தலைமுறை ஏழைகளுக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்று விளக்கினேன். சித்தப்பா கைகூப்பி, "புண்ணிய கைங்கரியம்" என்றார். அங்கிருந்து ஒரு சின்னத் தோட்டக்காரரின் நிலவறைக்குப் போனோம். தோட்டக்காரருக்குத் தமிழும் தெரியாது, ஜெர்மனும் தெரியாது. பீப்பாயிலிருந்து கருஞ்சிவப்பாக எடுத்து ஊற்றினார். எங்கள் பந்தல் திராட்சையின் அதே நிறம்.

சித்தப்பா ஒரு வாய் குடித்தார். நாக்கில் வைத்து உருட்டினார். பழக்கப்பட்ட வாய் அது. பிறகு தலையை ஆட்டிக்கொண்டு, யாரிடமோ பேசுவதுபோலச் சொன்னார்.

"என்னதான் சொல்லு கண்ணு, உங்கப்பன் போட்டது இதவிட மேல்."

பிரகாசம் சட்டென்று என்னைப் பார்த்தார். லில்லி பீப்பாய்களை எண்ணிக்கொண்டிருந்தாள். ஆக, ஞாபகம் இருக்கிறது. ருசிகூட ஞாபகம் இருக்கிறது. வேண்டும்போது எடுத்துக்கொள்கிற மாதிரி ஒரு மூலையில் பத்திரமாக வைத்திருக்கிறார்.

"இதையே உத்தனப்பள்ளிக்குப் போயி சொல்லுங்க சித்தப்பா. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் எல்லாரும் இருக்கறப்ப ஒரு தடவ சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. சின்னக் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சிரித்தார்.

"அது அந்தக் காலம் கண்ணு. உங்கப்பாவே அதெல்லாம் மறந்துட்டாரு. நீ என்னாத்துக்கு மனசுல வச்சுகிட்டு."

அவர் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் கையைக் காட்டினார். குடித்து முடித்துவிட்டு, ஒரு பாட்டில் வாங்கிக் கொடு என்றார். சித்திக்கு மூட்டு வலியாம், மருந்தாக இருக்கட்டுமாம். பாட்டில்மேல் இருக்கிற படத்தையும் எழுத்தையும் மறைத்துவிட்டால் நல்லது என்றார். வீட்டுக்கு வந்ததும் ஒரு வெள்ளைக் காகிதத்தை ஒட்டி, என் கையாலேயே கொட்டை எழுத்தில் "திராட்சை சாறு" என்று தமிழில் எழுதினேன். ரொம்பச் சரி என்று தட்டிக் கொடுத்தார்.

பிரகாசம் என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார். பெங்களூரிலிருந்து பஸ்ஸில் போனால் எல்லையில் செக்போஸ்ட் இருக்கிறது, மைசூர் ராஜ்யத்துப் பக்கம் குடித்துவிட்டு வருகிறவர்களை வாயை ஊதச் சொல்லிப் பிடிக்கிறார்கள், பெட்டியைத் திறக்காமல் விடுவார்களா, ஒரு வார்த்தை எச்சரித்துவிடு என்றார். அவர் அந்த ஊர்க்காரர், மதுவிலக்குச் சங்கத் தலைவர், அவருக்குத் தெரியாததா என்றேன். பிரகாசத்துக்கு மனசு கேட்கவில்லை, தானே போய்ச் சொல்லிவிட்டார். "என் பெட்டிய எவன் மாப்ள தொறப்பான்?" என்றாராம் சித்தப்பா.

ரயில் நிலையத்தில் அவருடைய பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். பாட்டில் உடையாமல் இருக்க, என் பழைய கம்பளிச் சால்வையில் சுற்றியிருந்தேன். அது பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும் என்று எனக்கு இருந்த அக்கறை சித்தப்பாவுக்குக்கூட இருந்திருக்காது.

7

மிச்சத்தை என் தம்பி மரியதாஸ் எழுதினான். அவனுக்கும் அப்பா இருக்கிற லாரி ஆபீஸில்தான் வேலை, செக்போஸ்ட்டுக்கு எதிர்ச் சாரி. நடந்ததை அவன் கண்ணால் பார்த்தான்.

பம்பாயில் சுங்கக்காரர்கள் ரோமாபுரி யாத்திரைக் கூட்டம் என்று பெட்டிகளைத் திறக்காமல் விட்டுவிட்டார்களாம். செக்போஸ்ட்டில் பஸ் நின்றது. பஸ்ஸில் எவனோ குடித்துவிட்டு உளறியதால் எல்லார் பெட்டியையும் இறக்கச் சொன்னார்கள். தகரப் பெட்டியில் ஜெபமாலைகளுக்கு அடியில் என் சால்வை. சால்வைக்குள் பாட்டில். அன்று டூட்டியில் இருந்தவன் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கன்னடக்காரன். அவனுக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது, இது என்ன என்று கேட்டான். சித்தப்பா நிமிர்ந்து நின்று, "திராட்சை சாறுப்பா" என்றார்.

"சாரா? ஊட்டக்கா?" என்றானாம் அவன். சாப்பாட்டுக்கா என்று. பஸ்ஸில் இருந்தவர்கள், லாரி டிரைவர்கள், வெள்ளரிக்காய் விற்கிறவள் வரைக்கும் சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை.

சப் இன்ஸ்பெக்டர் வந்தார். சித்தப்பா தாம் யார், என்ன பதவி என்றெல்லாம் சொல்லியிருக்கிறார். சப் இன்ஸ்பெக்டருக்கு அவர்மேல் மரியாதை இருந்தாலும் பாட்டிலை என்ன செய்வது என்று புரியவில்லை. அப்போது சித்தப்பா கையை நீட்டி அப்பாவின் லாரி ஆபீஸைக் காட்டினார்.

"அங்க எங்க சகலை சவரிமுத்து வாத்தியார் இருக்காரு. இதெல்லாம் அவருக்கு நல்லாத் தெரியும். அவரு பொய் சொல்ல மாட்டாரு, அவரக் கேளுங்க."

அந்தச் செக்போஸ்ட்டில் அப்பாவைத் தெரியாதவர்கள் இல்லை. லாரியில் இருக்கிற மூட்டைக்கு அவர் எழுதிக் கொடுத்தால் அவிழ்த்துப் பார்க்காமல் விடுவார்கள். ஆள் வந்து கூப்பிட்டதும் அப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சாலையைத் தாண்டி வந்தார். சித்தப்பாவைப் பார்த்து, "வாப்பா சூசை, பிரயாணமெல்லாம் சௌக்கியமா?" என்றார். சப் இன்ஸ்பெக்டர் பாட்டிலை அவர் கையில் கொடுத்தார். அப்பா ஒட்டியிருந்த காகிதத்தை வாசித்தார். என் கையெழுத்து அவருக்குத் தெரியாதா, பிடித்து எழுதப் பழக்கினவரே அவர்தானே. நிறையநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாராம்.

"நீங்க சொன்னா நான் ஒத்துக்கறேன் வாத்தியாரே. சாறா, சாராயமா?"

அப்பா பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார்.

"எனக்குத் தெரியாதுங்க. நான் ருசி பாத்ததில்ல."

சொல்லிவிட்டு வந்த வழியே சாலையைத் தாண்டி ஆபீஸுக்குப் போய்க் கணக்கை விட்ட இடத்திலிருந்து எழுத ஆரம்பித்தார் என்று மரியதாஸ் எழுதியிருக்கிறான். குரல்கூட உயரவில்லையாம். சித்தப்பாவின் கை தானாக நெஞ்சுக்குப் போய், கோட்டை மூடிக்கொண்டதாம். அப்பாவை ஜீப்பில் கொண்டுபோன அன்று அவன் சின்னப் பிள்ளை, அந்தப் பழைய கறையை அறியாதவன். அறியாமலே எழுதியிருக்கிறான்.

அன்று உத்தனப்பள்ளிக் கோயில் வாசலில் யாத்திரை போய் வந்தவரை வரவேற்க மேளத்தோடு ஜனம் காத்திருந்தது. அவர் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு அபராதத்தைக் கட்டிவிட்டு வருவதற்குள் செய்தி அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. வாங்கி வைத்த மாலை மாதா பாதத்துக்குப் போயிற்று. சங்கத்துக்கு வேறு தலைவர் வந்துவிட்டார். சித்தப்பாவை இப்போது ஊரில் சாறு வாத்தியார் என்கிறார்களாம். சித்தி அழுகிறாள் என்று அம்மாவுக்கு என்மேல் கோபம். அம்மா ஒரு வரிகூட எழுதவில்லை. தன் வினை தன்னைச் சுடும் என்று இந்தக் குறிப்பை மங்களமாக முடிக்கலாம், ஆனால் தானாக ஒன்றும் சுடவில்லை. அடுப்பை மூட்டியவள் நான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வருத்தப்பட்டேன் என்று எழுதினால் அது பொய்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியாமல் இருந்தது. அப்பா மறக்கவில்லை. ஒரு எழுத்துகூட மறக்கவில்லை. இத்தனை வருஷம் அந்த வாக்கியத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். உப்பு உறைப்பு இல்லாதவர் என்று நினைத்தேனே, என் கோபத்துக்கெல்லாம் விதை அங்கேதான் இருந்திருக்கிறது.

மரியதாஸின் கடிதத்தின் அடியில் மிச்சம் இருந்த இடத்தில் அப்பா தன் கையால் எழுதியிருந்தார்: "பாட்டிலை ஸ்டேஷன் வாசலில் கவிழ்த்துவிட்டார்கள். எல்லாம் மண்ணுக்குப் போயிற்று. அது என்ன ருசி என்று நீ எழுது."

அன்றைக்கே பதில் எழுதினேன்.

"அப்பா, எனக்கு ருசி சொல்லத் தெரியாது. நன்றாக ருசி பார்த்தவர் சூசை சித்தப்பா. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உங்கப்பன் போட்டது இதவிட மேல்."